ஒரு காம்பில் மட்டும் பால் திரைகிறது: மாதிரி எப்போது எடுப்பது?

நானும் வீட்டுக்காரியும் சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று நுவரெலியாப் பக்கம் கால்நடைக் கண்காட்சிக்குப் போய், கறவை மாடொன்றோடு திரும்பினோம். இப்போது அதன் பின் இடது காம்பில் மட்டும் பால் கட்டிகட்டியாக வருகிறது.

ஜெர்சி - பிரீசியன் கலப்பு, இரண்டாம் ஈற்று, கன்று போட்டு ஆறு கிழமை. இடம் ஹற்றன். காய்ச்சல் இல்லை, தீனியும் குறையவில்லை. முதல் பீச்சலைக் கறுப்புக் கிண்ணத்தில் பிடித்தால் தயிர்த் துணுக்குகள் தெரிகின்றன. பிறகு வருவது நல்ல வெள்ளை. மடியழற்சியைக் கண்டுபிடிக்கிற சீஎம்டி சோதனை மருந்தைப் பாலோடு சம அளவு கலந்து சுழற்றினால் மற்ற மூன்றும் தண்ணீராக ஓட, இது மட்டும் கூழாகிறது. மடி எடுப்பாகத் தெரியட்டுமென்று விற்கிற இடத்தில் நேரத்துக்குக் கறக்காமல் விடுவார்களே, அங்கேதான் தொடங்கியிருக்கும்.

அந்தக் காம்பைக் கடைசியாகக் கறந்து, பாலைக் கன்றுக்கும் கொடுக்காமல் கொட்டுகிறோம். கறந்ததும் அயடினில் முக்குகிறோம். மிருக வைத்தியர் தந்த, காம்புத் துளை வழியே மடிக்குள் செலுத்துகிற அன்டிபயோட்டிக் டியூப் முழுவதும் அடித்து முடித்தாயிற்று. கொஞ்சம் தெளிந்து, மறுபடி கட்டி.

கிருமி எதுவென்று தெரியாமல் வேறு டியூப் அடிக்க விருப்பமில்லை. கன்னொருவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் பால் மாதிரி கொண்டுபோக எண்ணம். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் பீச்சல்களை விட்டு, கிருமிநீக்கிய போத்தலைச் சரித்துப் பிடித்து எடுத்து, ஐஸில் வைத்து அன்றே சேர்க்கலாம். ஆனால் மடியில் மருந்து மிச்சமிருந்தால் ஆய்வுகூடத்தில் கிருமி வளராமல் போகலாம், சோதனை வீண்.

கடைசி டியூப் அடித்து எத்தனை நாள் கழித்து மாதிரி எடுத்தால் முடிவை நம்பலாம்?