கலிபோர்னியாவின் ரெட்வுட் பெருமரக் காட்டுக்கு நாயோடு போனவர்கள்: கண்ணை விட்டுப் போகாத காட்சி எது?

பனிமூட்டம்:
கோல்டு பிளஃப்ஸ் கடற்கரை முகாம். மேசைக்கடியில் நாய் பாதி தின்றுவிட்டுப் போன தீனிக் கிண்ணம். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, ஸ்டெல்லர் ஜே என்ற நீலப் பறவை இரண்டு விளிம்பில் உட்கார்ந்து கொத்த ஆரம்பித்துவிட்டன. அந்த நீல இறக்கை இன்னும் உறுத்துகிறது. காரணம் மார்பிள்டு மர்ரலெட் என்ற இன்னொரு பறவை. அது கடல்பறவை; ஆனால் முட்டையிடுவது ரெட்வுட்டின் பாசி படர்ந்த பெருங்கிளையில், அதுவும் ஒன்றே ஒன்று. தீனி சிந்தும் இடத்தில் ஜேயும் அண்டங்காக்கையும் பெருகும், அந்த முட்டையைத் தின்பவையும் அவைதான். நாய் வாயெடுத்ததும் கிண்ணத்தைத் துடைத்துக் கரடியால் திறக்க முடியாத முகாம் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். தரையில் விழுந்த உருண்டைகளையும் பொறுக்க வேண்டும்.

ஆறடி வார்:
ரெட்வுட் என்றாலே நாய்க்கு இடமில்லை என்று சான் பிரான்சிஸ்கோ பக்கத்து மியூர் வுட்ஸ் காட்டை வைத்துப் பேசுகிறார்கள். அங்கே சேவை நாய்களுக்கு மட்டும்தான் அனுமதி, சரி. வடக்கே ரெட்வுட் தேசிய, மாநிலப் பூங்காக்களில் நடைபாதைகளில்தான் தடை. அவற்றில் ப்ரெய்ரி கிரீக்கில் கால்-பேரல் ரோடு, ஜெடடையா ஸ்மித்தில் வாக்கர் ரோடு, இரண்டும் மரங்களுக்கு நடுவே போகும் மண்சாலைகள், நாயோடு நடக்கலாம். கிரெசன்ட் கடற்கரையும் உண்டு. சாந்தா குரூஸ் பக்கம் ஹென்றி கவல் பூங்காவில் பைப்லைன் ரோடு சரி, பெருமரங்கள் நிற்கும் வளையப் பாதை கூடாது. வார் 6 அடிக்குள் இருக்க வேண்டும். இழுத்தால் நீளும் வார், எல்க் என்ற பெரிய மான்களின் மந்தைக்கு முன்னால் ஆபத்து: நாயை அவை ஓநாயாகவே பார்க்கும், குட்டியோடு நிற்கும் பெண் எல்க் நேரே பாயும்.

ஆற்றோரம்:
ஆறடி வார் நண்பரே, சாலைப் பெயரோடு நிறுத்திவிட்டால் எப்படி? அந்தப் பக்கம் ஆறுகளில் சால்மன் ஏறும். கரையில் செத்த மீன், வார் தளர்ந்த ஒரு நொடி, ஒரே கவ்வு: பார்த்த காட்சி அவ்வளவுதான். வேகாத சால்மன், டிரௌட் மீன் இரண்டிலும் ஒரு தட்டைப்புழு இருக்கலாம், அதற்குள் ஒரு பாக்டீரியா. நாயை வீழ்த்துவது பாக்டீரியாதான். தின்று ஒரு வாரத்துக்குள் காய்ச்சல், வாந்தி, கழிச்சல், கழுத்தில் நெறி கட்டும். வைத்தியம் இல்லாவிட்டால் பெரும்பாலான நாய்கள் பிழைப்பதில்லை. பாக்டீரியா டாக்ஸிசைக்ளின் மருந்துக்குக் கேட்கும்; புழுவுக்கு பிராசிகுவாண்டல் என்ற மருந்து தனி. வீடு திரும்பிய பிறகு நோய் தலைகாட்டுவதால் மீனையும் காய்ச்சலையும் யாரும் சேர்த்து யோசிப்பதில்லை. மருத்துவரிடம் முதல் வார்த்தையே "மீன் தின்றது" என்பதாக இருக்கட்டும். வேகவைத்த மீனில் இந்தப் பயமில்லை.

வாலாட்டி:
வாழைப்பழ நத்தையை (ஓடில்லாத மஞ்சள் நத்தை) நக்கிவிட்டு நாக்கைத் தொங்கப்போட்டு எச்சில் வடித்த லாப்ரடார். அந்தக் கோழை நாக்கை மரக்கச் செய்யும். பதறிப்போய் தண்ணீர் ஊற்றினார்கள், கோழை உப்பி இன்னும் ஒட்டிக்கொண்டது. முதலில் உலர்ந்த துணியால் வழித்தெடுங்கள், தண்ணீர் அப்புறம்.