சீ.கே. கூடிப்போய்ப் பயந்த கதைகள்

நல்லதண்ணிப் பாதை:
சிவனொளிபாத மலை இறங்கி மூன்றாம் நாள். பஸ் படியில் கால் தூக்க முடியாமல் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துப் போட்டேன். அம்மாவின் நச்சரிப்பில் ஹட்டனில் இரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட் கொடுக்கிற பிள்ளை தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இது உங்களோடதா அண்ணே? நடந்தா வந்தீங்க?" என்று கேட்டது. சீ.கே., அதாவது கிரியேட்டின் கைனேஸ் என்கிற தசை என்சைம், 2,860. மேல் எல்லை 200 என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. மாரடைப்புக்குப் பார்க்கிற என்சைம் என்று எப்போதோ கேட்ட ஞாபகம். தேத்தண்ணிக் கடையில் நெஞ்சைத் தடவியபடி அரை மணித்தியாலம். ஈசீஜி, இதயத் தசைச் சேதத்தைக் காட்டுகிற ட்ரொபோனின் இரத்தப் பரிசோதனை, இரண்டிலும் ஒன்றுமில்லை.

கவ்வாத்துக்காரன்:
ஏறினதால் இல்லை தம்பி, இறங்கினதால். ஐயாயிரத்துச் சொச்சம் படி. இறங்கும்போது தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே பாரம் தாங்கும். நாரில் சேதம் வந்தால் உள்ளே இருக்கிற சீ.கே. இரத்தத்தில் கசியும். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்குப் போன முதல் கிழமை எனக்குச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. வாயைத்தான் தட்டுக்குக் கொண்டுபோனேன்.

பண்டாரவளை டீச்சர்:
சீ.கே.யை விஷம் மாதிரிப் பேசுகிறீர்களே! பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, 100 மீட்டர். எழுபது மீட்டர் வரை நான்தான் முன்னால். அப்புறம் கால் யாருடையதோ போல் ஆகிவிட்டது. பக்கத்துக் கோட்டுப் பிள்ளையின் சிவப்பு ரிபன் என்னைத் தாண்டிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. தசைக்குச் சக்தி கொடுக்கிற ஏ.ரீ.பி. என்கிற பொருள் ஓரிரண்டு செக்கனுக்குத்தான் காணும். ஒரு பொஸ்பேட்டை இழந்து ஏ.டி.பி. ஆனதும் கிரியேட்டின் பொஸ்பேட் தன்னிடம் உள்ளதைக் கைமாற்றாகக் கொடுக்கும். வாங்கிக் கொடுக்கிற தரகர்தான் சீ.கே. அந்த இருப்பும் பத்து செக்கன் போலத்தான். ஓய்வில் கலத்துக்குள் சக்தி செய்கிற மைற்றோகொண்ட்ரியா புது ஏ.ரீ.பி. செய்து தர, அதே தரகர் எதிர்ப்பக்கமாக வேலை செய்து கடனை அடைத்துவிடுவார்.

தொங்கல் வீட்டு அக்கா:
டீச்சர் சொல்வது சரி. ஆனால் கவ்வாத்து அண்ணே, எல்லாவற்றையும் படியின் தலையில் போடாதீங்க. எங்கள் மாமா கொலஸ்ட்ரோல் குளிசை குடிப்பவர், ஒரு நாள் முழுக்கக் கல் கிண்டினார். மறுநாள் மூத்திரத்தைப் போத்தலில் பிடித்துக் காட்டினார்: பால் ஊற்றாத தேத்தண்ணி. அது சேதமான தசையிலிருந்து கசிகிற மயோகுளோபின் என்கிற புரதம், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றித்தான் தப்பினார். அதனால் தம்பி, நிறம் மாறினால் அன்றைக்கே போங்க. மாமா மாதிரி ஸ்டாட்டின் என்கிற கொலஸ்ட்ரோல் குளிசை குடித்தால் டொக்டரிடம் சொல்லுங்க, நீங்களாக நிறுத்தாதீங்க. மறுபடி இரத்தம் கொடுக்க முன்னால் சில நாள் பாரம் தூக்க வேண்டாம். தசையில் ஊசி போட்டிருந்தாலும் கூட்டிக் காட்டும், அதையும் சொல்லுங்க. தண்ணி நிறையக் குடிங்க. சப்பாத்தும்...

நல்லதண்ணிப் பாதை:
அக்கா, குளிசையும் இல்லை, நிறமும் மாறவில்லை. இரண்டு கிழமை கழித்து 170. ரிப்போர்ட்டை அதே பிள்ளைதான் தந்தது. இந்த முறை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.