இடம் குறைவு, விண்ணப்பம் அதிகம்: தூரத்தைப் பார்ப்பதா, குலுக்கல் போடுவதா?

கணக்கன்:
ஒரு பள்ளியின் முதல் வகுப்பில் 60 இடங்கள் இருக்கின்றன, 200 விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 140 குழந்தைகளைத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். யாரை அனுப்புவது என்பதைக் குலுக்கலே தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி. நேர்காணல், நுழைவுத் தேர்வு, பெற்றோரின் படிப்பு, வீட்டு முகவரி எல்லாமே குழந்தையைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு பெற்றோரின் கையிருப்பைப் பார்ப்பவை. இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம், 2009, சேர்க்கையில் வடிகட்டுவதற்குத் தரும் இலக்கணமே இதுதான்: குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையைத் தவிர, ஒரு குழந்தையை இன்னொரு குழந்தைக்கு முன்னால் நிறுத்தும் எந்த வழியும் வடிகட்டல். அதைச் செய்யும் பள்ளிக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளையை உட்காரவைத்து நிறங்களின் பெயர் கேட்பதைத் தேர்வு என்று அழைக்கவே கூச்சமாக இருக்கிறது.

நடைபாதை:
நேர்காணல் கூடாது என்பதில் நமக்குள் சண்டை இல்லை, நண்பரே. ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டிய அதே சட்டத்தின் 3ஆவது பிரிவைத் தாண்டிப் போய்விட்டீர்கள். 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைக்கு அது தரும் உரிமை, அண்மைப் பள்ளியில் படிக்கும் உரிமை. மத்திய அரசின் மாதிரி விதிகள், முதல் ஐந்து வகுப்புகளுக்கு 1 கிலோமீட்டர், அடுத்த மூன்று வகுப்புகளுக்கு 3 கிலோமீட்டர் என்று நடக்கும் தூரத்தையே அளவாக வைத்தன. பள்ளிக்கு எதிர்வீட்டுக் குழந்தை குலுக்கலில் தோற்று, இரண்டு பேருந்து மாறி வேறொரு பள்ளிக்குப் போவதும், அந்தப் பள்ளிக்குப் பக்கத்துக் குழந்தை அதே பேருந்துகளில் எதிர்த் திசையில் இங்கே வருவதும் எந்த வகை நியாயம்? இங்கிலாந்தின் சேர்க்கை விதித்தொகுப்பு குலுக்கலை அனுமதித்தாலும், ஓர் உள்ளாட்சி தன் வட்டாரப் பள்ளிகள் அனைத்துக்கும் அதையே முதன்மை அளவுகோலாக வைக்கக் கூடாது என்று தடுத்திருக்கிறது. பெற்றோர் எதையும் திட்டமிட முடியாமல் போய்விடும் என்ற கவலை வீண் கவலை அல்ல.

கணக்கன்:
எதிர்வீட்டுக் குழந்தை அந்த எதிர்வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள். நல்ல பெயருள்ள பள்ளியைச் சுற்றி வாடகை ஏறுகிறது. ஏறிய வாடகையைக் கொடுக்க முடிந்தவர்கள் உள்ளே வருகிறார்கள். முடியாதவர்கள் எல்லைக்கு வெளியே தள்ளப்படுகிறார்கள். அதாவது கட்டணம் வாங்காத பள்ளிக்கும் கட்டணம் உண்டு, அது வீட்டுக்காரரிடம் போய்ச் சேருகிறது. சிங்கப்பூரில் முதலாம் வகுப்புப் பதிவில் இடம் போதாதபோது, குடிமக்களுக்கு முதலிடம் தந்து, 1 கிலோமீட்டருக்குள், 1 முதல் 2 கிலோமீட்டர், அதற்கு அப்பால் என்று பிரிக்கிறார்கள். ஒரே படியில் நிற்பவர்களுக்குள்தான் குலுக்கல். தூரத்தைக் காட்டி முன்னுரிமை பெற்றவர், பதிவு தொடங்கிய நாளிலிருந்து 30 மாதங்களாவது அந்த முகவரியில் குடியிருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. முகவரியைக் காசு கொடுத்து வாங்க முடியாது என்றால் இப்படி ஒரு விதி எதற்கு?

அளப்பதிலும் வம்பு இருக்கிறது. நேர்கோட்டில் அளந்தால், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் 400 மீட்டரில் இருக்கும் வீடு, இந்தப் பக்கம் 500 மீட்டரில் இருக்கும் வீட்டை முந்திவிடும். அந்தக் குழந்தை மேம்பாலம் ஏறி இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பது வரைபடத்துக்குத் தெரியாது. பள்ளி வாசலில் இருந்து அளப்பதா, கட்டடத்தின் நடுவிலிருந்தா என்பதில்கூட ஓர் இடம் கைமாறும்.

பழையமாணவன்:
பள்ளியைப் பணமும் உழைப்பும் கொடுத்துக் கட்டியவர்களின் பிள்ளைகளுக்குச் சில இடங்கள் ஒதுக்குவதில் என்ன தவறு?

கரும்பலகை:
பள்ளி மக்கள் வரிப்பணத்தில் ஒரு பைசா வாங்கினாலும் தவறுதான். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

நான் ஆசிரியை, சேர்க்கைக் காலத்தில் விண்ணப்ப மேசையில் உட்காருபவள். ஒரே கதவு எண்ணைக் காட்டும் நான்கு வாடகை ஒப்பந்தங்கள், நான்கிலும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா மை. முகத்தைப் பார்த்தால் திருடர்கள் இல்லை, பயந்துபோன பெற்றோர்கள். ஆகவே தூரம் பற்றிக் கணக்கன் சொல்வது உண்மையே. ஆனால் நீங்கள் இருவரும் 60 என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொண்டீர்கள். அந்த 140 பேர் எங்கே போகிறார்கள்? பல நேரங்களில் சற்றுத் தள்ளியுள்ள இன்னொரு பள்ளியில் பாதி வகுப்பு காலியாகக் கிடக்கிறது. அங்கே ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படவில்லை, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஆகவே யாரும் விண்ணப்பிப்பதில்லை. மொத்தத்தில் இடம் இருக்கிறது, பிள்ளையை நம்பி விடத்தக்க இடம் இல்லை. குலுக்கல் அந்தத் தாழ்ப்பாளைப் பொருத்தாது.

'இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று மேலிடத்திலிருந்து வரும் வாய்மொழி உத்தரவு இன்னும் மோசம். தொடக்க வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்ற அளவை இந்தியச் சட்டமும் சொல்கிறது, இங்கிலாந்தின் 1998ஆம் ஆண்டுச் சட்டமும் சின்னஞ்சிறு வகுப்புகளுக்கு அதையே வரம்பாக வைத்தது. முப்பத்தைந்தாவது பிள்ளைக்குப் பெஞ்சில் இடம் கொடுத்துவிடலாம். அது எழுதிய வரியைத் திருத்த எனக்கு நேரம் கிடைக்காது.

கணக்கன்:
அம்மா, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கட்டடம் எழும்பவும் ஆசிரியர் நியமனம் ஆகவும் ஆண்டுகள் ஆகும்; இந்த ஆண்டு ஆறு வயது முடிந்த குழந்தை அதுவரை காத்திருக்காது. பிறப்புப் பதிவேட்டைப் புரட்டினால் ஐந்தாண்டுகளுக்கு முன்பே எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்திருக்கும், அதைப் பார்க்காமல் விட்ட குற்றம் நிர்வாகத்தினுடையது. தண்டனையைக் குழந்தைகள் அனுபவிக்கிறார்கள். அந்தத் தண்டனையாவது பணத்தைப் பார்த்து விழக் கூடாது என்கிறேன்.

விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் முறையிலேயே ஏமாற்று ஒளிந்திருப்பதும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2005 வரை வைத்திருந்த முறையில், ஒவ்வொரு பள்ளியும் தன்னை முதல் விருப்பமாக எழுதியவர்களைக் கொண்டே முதலில் இடங்களை நிரப்பும். உங்கள் முதல் விருப்பம் கைநழுவினால், இரண்டாவதாக எழுதிய பள்ளி அதற்குள் நிரம்பியிருக்கும். அங்கே உங்களுக்கு மேலான முன்னுரிமை இருந்தும் பயனில்லை. விவரம் தெரிந்த பெற்றோர் ஆசைப்பட்ட பள்ளியை விட்டுவிட்டு, கிடைக்கக்கூடிய பள்ளியை முதல் கட்டத்தில் எழுதித் தப்பினார்கள். படிவத்தை நம்பி மனத்தில் இருந்ததை எழுதியவர்கள் ஏமாந்தார்கள். கேல், ஷாப்லி என்ற இருவர் 1962இல் வகுத்த முறையில், பள்ளி தரும் இடம் கடைசிச் சுற்று வரை தற்காலிகமானது; பின்னால் வருபவருக்கு மேலான முன்னுரிமை இருந்தால் இடம் அவருக்குப் போகும். ஆகவே உண்மையான வரிசையை எழுதியவருக்கு நட்டம் வராது. நியூயார்க் உயர்நிலைப் பள்ளிகள் 2003இல் இந்த வழிக்கு மாறிய பிறகு, பட்டியலிலேயே இல்லாத பள்ளிக்கு அனுப்பப்பட்ட மாணவர்களின் எண்ணிக்கை 30,000க்கு மேலிருந்து ஏறத்தாழ 3,000 ஆகக் குறைந்தது. ஷாப்லிக்கும் பொருளியலாளர் ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்ததில் இந்த வேலைக்கும் பங்கு உண்டு.

நடைபாதை:
அழகான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கும் 'யாருக்கு முன்னுரிமை' என்ற பட்டியலை வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறது. பாஸ்டனிலேயே அண்ணன் அக்கா படிப்பதும், நடக்கும் தூரமும் அந்தப் பட்டியலில் இருந்தன. நடந்து போகக்கூடிய வட்டத்துக்குள் இருப்பவர்களுக்குள் குலுக்கல், கூடப்பிறந்தவர் படித்தால் முதலிடம் என்றால் நான் ஒப்புக்கொள்ளத் தயார். மூத்தவளை ஒரு பள்ளியிலும் இளையவனை வேறொரு பள்ளியிலும் ஒரே மணி அடிக்கும் நேரத்தில் கொண்டுபோய் விடும் தாய்க்கு உங்கள் சமவாய்ப்பு பதில் சொல்லாது.

கணக்கன்:
நடக்கும் பாதையில் அளந்த வட்டமென்றால் சரி. கூடப்பிறந்தவர் முன்னுரிமைக்கு உச்சவரம்பு வேண்டும். இல்லையேல் முதல் பிள்ளையைச் சேர்க்க வருபவருக்கு 60இல் முப்பதுகூட மிஞ்சாத ஆண்டு வரும்.

கரும்பலகை:
குலுக்கல் நடந்த நாளில் எல்லோரும் கைதட்டுவார்கள். மூன்றாவது வாரம் ஒரு குடும்பம் ஊர் மாறிப் போகும், ஓர் இடம் காலியாகும். அப்போது தலைமையாசிரியரின் தொலைபேசி அடிக்கும். உங்கள் திட்டத்தில் அந்த இடம் யாருக்கு?

கணக்கன்:
அன்றைக்கே 200 பேருக்கும் வரிசை எண் எடுத்து, முழுப் பட்டியலையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். காலியாகும் இடம் 61ஆம் எண்ணுக்கு. அந்தக் குடும்பம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் 62ஆம் எண்ணுக்கு. அந்தக் கடிதமும் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.