நைரேரே பற்றிய பேச்சில் ஒரு வசனம்: அம்மம்மாவின் கேள்விக்கு என்ன சொல்வது?

முள்ளியவளை ஆசிரியை:

வணக்கம். தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்குத் தரம் 10 மாணவி ஒருத்தியைத் தயார்ப்படுத்துகிறேன். தன்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரேயை அவளே தெரிவு செய்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒருவர் நாட்டுக்குத் தலைவரான பிறகும் சனங்கள் அவரை 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர், என்றே அழைத்தார்கள் என்பது அவளைப் பிடித்துக்கொண்டது.

நேற்று முன்தினம் பேச்சை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் முற்றத்தில் இருந்து புளியங்கோது உடைத்துக்கொண்டிருந்தாராம். 'மக்களைப் புதிய கிராமங்களில் குடியமர்த்தினார்' என்ற வசனம் வந்ததும் கை நின்றுவிட்டது. "குடியமர்த்துவதற்கு முதல் இருந்த இடத்தைவிட்டு எழுப்பியிருக்க வேண்டுமே, பிள்ளை? வரமாட்டோம் என்றவர்களை என்ன செய்தார்?"

2008 இலும் 2009 இலும் ஒன்பது இடம் மாறியவர் அவர். அந்த வசனத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட எனக்கு மனமில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வவுனியா, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:

மகள், அம்மம்மா சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். முப்பத்தொரு வருடம் வரலாறு படிப்பித்தவன் நான். நைரேரே என் மனத்துக்கு மிக நெருக்கமானவர். அதனாலேயே அவரைப் பாதியாகச் சொல்லக்கூடாது என்கிறேன்.

விக்டோரியா ஏரிக்கு அருகே புட்டியாமாவில் 1922 இல் பிறந்தவர். எடின்பரோவில் பட்டம் பெற்றுத் திரும்பி, டார் எஸ் சலாமுக்கு வெளியே புகு என்ற இடத்தில் படிப்பித்தார். 1954 யூலை 7 இல் அவர் தலைமையில், சுதந்திரம் கேட்ட 'தானு' கட்சி உருவானது. அடுத்த வருடம் நியூயோர்க் போய், ஐ.நா. பொறுப்பாட்சி மன்றத்தில் தங்கனிக்காவுக்காக (தன்சானியாவின் பெருநிலப் பகுதிக்கு அன்றிருந்த பெயர்) பேசினார். திரும்பி வந்தவரிடம் பாடசாலையா அரசியலா என்று கேட்டார்கள். வேலையை விட்டார். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் எங்களுக்கு அதன் பாரம் தெரியும். 1961 டிசம்பர் 9 இல் சுதந்திரம், மறுவருட முடிவில் ஜனாதிபதிப் பதவி.

1967 பெப்ரவரியில் வந்தது, நாடு சோசலிச வழியில் போகும் என்று அறிவித்த அருஷா பிரகடனம். 'உஜமா' என்பது அதன் உயிர்ச்சொல். குடும்பம்போல் சேர்ந்து வாழ்வது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் குடிசைகளை ஒரு கிராமமாக்கினால் பாடசாலையும் மருந்தகமும் தண்ணீரும் கொடுக்கலாம் என்று நம்பினார். உண்மையான நம்பிக்கை அது. முதலில் விரும்பியவர்களை மட்டுமே அழைத்தார்கள். போதிய பேர் வரவில்லை. 1973 நவம்பரில் அது கட்டளையானது. 1976 முடிவதற்குள் எல்லோரும் கிராமங்களுக்குப் போய்விட வேண்டும். 50 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இடம் மாறினார்கள். திரும்பிப் போகாமல் இருக்கச் சில இடங்களில் வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். வரமாட்டோம் என்றவர்களுக்கு நடந்தது இதுதான் என்று அம்மம்மாவிடம் சொல்லுங்கள். 1965 இலிருந்து ஒரே கட்சி. விசாரணையின்றித் தடுத்து வைக்கும் சட்டம் 1962 இலேயே வந்துவிட்டது. எதிர்த்துப் பேச எங்கே போவது?

ஒட்டுசுட்டான் கமக்காரன்:

ஐயா, ஒரு விஷயம் கேட்க வேண்டும். அந்தப் புதிய கிராமங்களுக்கும் பழைய தோட்டங்களுக்கும் எவ்வளவு தூரம்?

மீளக்குடியேறியபோது எங்களுக்கு வீதியோரம் வீடு கிடைத்தது. நல்ல வீடு, மின்சாரமும் இருக்கிறது. குறை சொல்லவில்லை. ஆனால் வயல் ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால், குளத்துக்குக் கீழே. பழைய வீடு வரம்போடு இருந்தது. இரவில் பன்றி இறங்கினால் நாய் குரைக்கும், படுத்த பாயிலிருந்து எழும்பித் தகரத்தைத் தட்டினால் போதும். இப்போது பொழுதுபடுவதற்குள் காவல் கொட்டிலுக்குப் போய்விட வேண்டும், பிறகு யானைக்குப் பயம். போன காலபோகத்தில், கதிர் பால் பிடிக்கும் நேரம், காய்ச்சலால் ஓர் இரவு போகவில்லை. விடியப் போய்ப் பார்த்தால் கால் ஏக்கர் உழுததுபோல் கிடந்தது. இதைப் படம் கீறிக் காணி பிரிப்பவர்கள் அறியமாட்டார்கள்.

வவுனியா, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:

தம்பி, அங்கும் அதே கதைதான். பலருக்கு நிலம் எட்டாத் தூரமாகிவிட்டது. விதைக்கும் காலத்தில் மூட்டை கட்டவைத்தார்கள். அந்த வருடங்களில் மழையும் பொய்த்தது. ஏற்றுமதி செய்த நாடு சோளத்தை வெளியிலிருந்து வாங்கியது.

மற்றப் பக்கத்தையும் பிள்ளை சொல்ல வேண்டும். சுவாஹிலியை நாட்டின் மொழியாக வளர்த்து, நூற்றுக்கு மேற்பட்ட இனக்குழுக்களை ஒன்றாக நிற்க வைத்தார். ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களைத் தானே சுவாஹிலியில் தந்தார். ஜனாதிபதியாக இருந்துகொண்டே! முதியவர்களுக்கு எழுத்தறிவித்தார். 1966 இல் தன் சம்பளத்தை 20 வீதம் குறைத்தார். 1985 இல் தானாகவே பதவியை விட்டு, புட்டியாமாவில் தோட்டம் செய்யப் போனார். 1999 ஒக்டோபர் 14 இல் லண்டனில் இறந்தபோதும் அந்த ஊருக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். சொந்த மண்ணின் அருமை அறியாதவர் அல்லர். அதனால்தான் அந்தக் கட்டளை என்னை இன்றும் வருத்துகிறது.

முள்ளியவளை ஆசிரியை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று பாடசாலை விட்டபின் உங்கள் பதில்களை அவளுக்கு வாசித்தேன். வசனத்தைத் தானே மாற்றி எழுதினாள்: 'மக்களை அவர்களுடைய வீடுகளிலிருந்து எழுப்பிப் புதிய கிராமங்களில் இருத்தினார், வரமறுத்த சிலரின் வீடுகள் எரிந்தன.' ஐந்து நிமிடத்துக்குள் அடக்க எடின்பரோவை எடுத்துவிட்டோம். சனிக்கிழமை போட்டி. அதற்கு முதல் அம்மம்மாவுக்கு இன்னொரு தடவை வாசிக்கப்போகிறாளாம்.