பிளாண்டியை எந்தக் கட்டத்தில் வைப்பது? உதவுங்கள்

நண்பர்களே, வெஸ்டர்ன் படங்களின் எதிர்நாயகர்களை ஒன்பது கட்ட அட்டவணையில் பிரித்து வருகிறோம். ஒரு பக்கம் சட்டம், நடுநிலை, குழப்பம். இன்னொரு பக்கம் நன்மை, நடுநிலை, தீமை. 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) படத்தின் நாயகன் பிளாண்டியிடம் வந்து சிக்கிக்கொண்டோம்.

தேடப்படும் குற்றவாளி டூக்கோவைப் பிடித்துக் கொடுத்து 2,000 டாலர் வாங்குகிறான். தூக்குக் கயிற்றைச் சுட்டு அறுத்துவிட்டு, அதே ஆளை வேறு ஊரில் 3,000 டாலருக்கு ஒப்படைக்கிறான். பிறகு பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் விட்டுப் போகிறான். ஆனால் சாகக் கிடக்கும் சிப்பாய்க்குத் தன் கோட்டைப் போர்த்தி, சுருட்டையும் கொடுப்பவன் இவன்தான். அதில் காலணா லாபம் கிடையாது.

திரையில் 'குட்' என்று எழுத்து வருவதை ஆதாரமாக எடுக்காதீர்கள். படத்தின் வில்லன் ஏஞ்சல் ஐஸ் அவ்வளவு கொடியவன் என்பதால்தான் பிளாண்டி நல்லவனாகத் தெரிகிறான். இந்த வகைப்படுத்தலில் அடிக்கடி நேரும் தவறே அதுதான். ஆதாயமில்லாத இடத்தில் ஒருவன் செய்வதற்கே கூடுதல் எடை தருகிறோம். அப்படிப் பார்த்தாலும் குழப்ப நடுநிலைக்கு மேல் ஏறவில்லை.

சட்ட அச்சு இதைவிடச் சிக்கல். 'அன்ஃபர்கிவன்' (1992) ஷெரிஃப் லிட்டில் பில் ஊருக்குள் துப்பாக்கியைத் தடை செய்கிறான். பிடிபட்ட நெட் என்பவனை (நாயகனின் கூட்டாளி) அடித்தே கொல்கிறான். சட்டம் என்பது பேட்ஜா, சொந்தக் கட்டுப்பாடா? இதை எப்படி அளக்கிறீர்கள்? காட்சியோடு சொல்லுங்கள்.