டிஸ்க் கோல்ஃப் பழக நம்ம குமரி மாவட்டத்துல எங்க எறியலாம்?

குலசேகரம்காரன்:
அக்கா வீடு அமெரிக்காவுல, அங்க போயிருந்தப்ப அத்தான் சனிக்கிழமை ஆனா பக்கத்துல உள்ள கவுண்டி பார்க்குக்கு கூட்டிட்டுப் போவாரு, டிஸ்க் கோல்ஃப் வெளையாட, அதான் பிளாஸ்டிக் தட்டை எறிஞ்சு கூடையில விழ வைக்கிற ஆட்டம். காசு ஒண்ணும் கெடையாது, காரை நிறுத்திட்டு மரத்துக்கு எடையில நடக்க வேண்டியதுதான். சிமெண்ட் தரையில நின்னு எறியணும், டிஸ்க் எங்க விழுதோ அங்க போயி நின்னு மறுபடி எறியணும், சங்கிலி தொங்குற கூடையில விழுந்தா அந்த ஹோல் முடிஞ்சுது. எனக்கு என்னன்னா, எப்படி எறிஞ்சாலும் கடைசியில இடது பக்கமா வளைஞ்சு புதருக்குள்ள போயிரும். வரும்போது அத்தான் டிரைவர்னு தூரமா எறியுற டிஸ்க் ஒண்ணு தந்து விட்டாரு, ஸ்பீடு 12னு போட்டிருக்கு. அடுத்த தடவை அவரை ஜெயிக்கணும் மக்கா, அதான் விஷயம். எங்க ரப்பர் தோட்டத்துல எறிஞ்சு பழகலாமா, இல்ல கடற்கரைதானா?

தக்கலை டூ டெக்சாஸ்:
தம்பி, வலது கையால பேக்ஹேண்ட், அதான் கைய நெஞ்சுக்கு குறுக்க கொண்டு போயி வீசி எறிஞ்சா வேகம் கொறையும்போது டிஸ்க் இடது பக்கம்தான் விழும், அது அதோட சுபாவம். டிஸ்க் மேல நாலு நம்பர் இருக்கும் பாரு, ஸ்பீடு (எவ்வளவு வேகமா எறியணும்), கிளைடு (எவ்வளவு நேரம் மிதக்கும்), டர்ன் (வேகமா போகும்போது வலது பக்கம் திரும்புறது), ஃபேடு (வேகம் கொறையும்போது இடது பக்கம் சாயுறது). கடைசி நம்பர் கூடக்கூட இடது பக்கம் இழுக்கும். ஸ்பீடு 12 டிரைவருக்கு கையில அவ்வளவு வேகம் வேணும், புதுசா எறியுறவங்களுக்கு அது வராது, அதனால அது பறக்குறதுக்கு முன்னாடியே சாஞ்சிரும். உங்க அத்தான் வெவரமான ஆளுதான், அத தந்து விட்டிருக்காரு பாரு 😄 அத எடுத்து பரண்ல போட்டுட்டு ஒரே ஒரு புட்டர் வாங்கு, கூடைக்கு பக்கத்துல நின்னு எறியுற மெதுவான டிஸ்க், ஸ்பீடு 2 இல்லன்னா 3. அது நேரா போகலன்னா தப்பு கையிலதான், டிஸ்க் மேல பழி போட முடியாது. அப்புறம் கூடைக்கு 10 மீட்டருக்குள்ள நின்னு எறிஞ்சா, கால் ஊனி நிலையா நின்ன பெறகுதான் முன்னாடி அடி வைக்கணும், அத்தான்மாரு அதுலதான் புள்ளி புடிப்பாவ.

ஒட்டுபால்:
ஓய் ரப்பர் தோட்டத்துல எறியாதீரும். அந்த டிஸ்க் ஓரம் கூர்மையா இருக்கும், 170 கிராம் சாமானம் வேகமா வந்து பால் வெட்டுற பட்டையில பட்டா பட்டை காயமாயிரும், பெறகு அந்த எடத்துல முண்டு முண்டா வளரும், கத்தி ஓடாது. பாலோட நிக்குற சிரட்டையில பட்டா அன்னைக்கு பால் வெட்டுறவரு வாயில என்ன வரும்னு உமக்கே தெரியும். எறியாம இருக்க முடியாதுன்னா இலை கொட்டி தளிர் வர்ற சமயம் பால்வெட்டு நிக்கும்லா, அப்ப தோட்டத்துக்கு நடுவுல உள்ள வண்டிப்பாதையில மட்டும் எறியும். ஆரஞ்சு கலர் வாங்கிராதீரும், விழுந்த இலைக்குள்ள கெடந்தா கண்ணு தெரியாது, பிங்க் நல்லது. கைய விட்டு தேடாம கம்பால இலைய தள்ளிப் பாரும், சருகுக்குள்ள விரியன் கெடக்கும்.

முப்பந்தல் காத்து:
எங்க ஊருப் பக்கம் வந்துராத அண்ணே, ஆடி மாசம் ஆரல்வாய்மொழி கணவாய் காத்துல காத்தாடியே சுத்துது, உன் டிஸ்க் நாங்குநேரியில போயி விழும். சும்மா சொல்லல, எதிர்காத்துல எறிஞ்சா டிஸ்க் வலது பக்கம் கவிழும், முன்பக்கம் கொஞ்சம் தூக்கியிருந்தா மேல எழும்பி தலைக்குப் பின்னாடி வந்துரும். பின்காத்துல சீக்கிரமா கீழ எறங்கி இன்னும் இடது பக்கம் சாயும். இத நேர்ல பாக்கணும்னா சொத்தவிளை பீச்சுக்கு காலையில போ, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஆளும் இருக்காது காத்தும் கொறவு. தண்ணி பக்கமா மட்டும் எறியாத, போனா போனதுதான்.

குலசேகரம்காரன்:
நன்றி அண்ணன்மாரே. அப்ப தோட்டம் வேண்டாம், அப்பாவும் கண்டிப்பா அடிப்பாரு. கூடைக்கு என்ன செய்ய? வாங்க வெல கேட்டா தலை சுத்துது.

தக்கலை டூ டெக்சாஸ்:
பழைய சைக்கிள் ரிம்மு ஒண்ண ஒரு இரும்புக் கம்பியில மேல மாட்டி அதுல சங்கிலிய தொங்க விடு, கீழ ஒரு பெரிய கூடை, வெல்டிங் பட்டறைக்காரரு அரை நாள்ல செஞ்சு தருவாரு. சங்கிலி வச்ச கூடைய கண்டுபிடிச்சவரு எட் ஹெட்ரிக். அந்த ஆளு 2002ல செத்த பெறகு அவரு சாம்பல டிஸ்க்குல கலந்து வார்த்தாவளாம், அவ்வளவு பைத்தியம்.

ஒட்டுபால்:
ரிம்மு என்கிட்ட கெடக்கு, வந்து எடுத்துக்கிடும். தோட்டத்துல நட்டுராதீரும்.