புதுப்பிப்பு: பழைய காருக்கு முதலில் பிரேக்கா, கார்புரேட்டரா?

1960களின் காருக்கு முதலில் இரட்டைக் கார்புரேட்டரா (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தருவது), முன்சக்கர டிஸ்க் பிரேக்கா என்று கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி பிரேக்கையே முதலில் மாற்றினேன். நீண்ட இறக்கத்தில் பழைய டிரம் பிரேக் சூடேறிப் பிடி தளரும் பயம் போய்விட்டது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். டிரம் பிரேக்குக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைக் குழாயில் தள்ளுவது) பலவற்றில், குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு இருக்கும். அதையே டிஸ்க்குக்கும் வைத்தால் பெடலை விட்ட பிறகும் பேட் உரசிக்கொண்டே இருக்கும். அதனால் டிஸ்க் பக்கம் அந்த வால்வு இல்லாத, எண்ணெய் வழி இரண்டாகப் பிரிந்த இரட்டைச் சர்க்யூட் சிலிண்டர் போட்டேன். ஒரு சர்க்யூட் கசிந்தாலும் மற்றது வண்டியை நிறுத்தும்.

அப்புறம், தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். தீப்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தீப்பொறிக்கு மின்னழுத்தத்தைக் கூட்டும் காயிலின் மின்தடை பொருந்துகிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். கார்புரேட்டரை, எஞ்சின் சிலிண்டர்களின் கம்ப்ரஷன் (அழுத்தம்) சரியா என்று பார்த்த பிறகுதான் தொடுவேன்.